புதிய பெட் ட்ரேசரை முதல் நோயாளிக்குச் செலுத்துமுன்: அமெரிக்க ஆய்வகங்களில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எலியின் தோளில் வளர்த்த புற்றுக்கட்டி, புதிய ட்ரேசரை (கட்டியில் போய்ச் சேர்ந்து ஸ்கேனில் ஒளிரும் கதிரியக்க மருந்தை) செலுத்தி எடுத்த பெட் ஸ்கேன் படத்தில் பளிச்சென்று தெரிந்துவிட்டது. பேராசிரியர் கேட்கிறார்: "எப்போது நோயாளிக்குப் போடலாம்?" புதிதாகச் சேர்ந்தவர் "ஆறு மாதம்" என்று சொல்லிவிடுகிறார். அந்த ஆறு மாதம் பெரும்பாலும் பதினெட்டு மாதமாகிறது. வேதியியல் அவ்வளவு நேரம் எடுப்பதில்லை. ஒன்றுக்குப் பின் ஒன்றாகச் செய்த வேலைகளில் பாதியைச் சேர்த்தே தொடங்கியிருக்கலாம் என்பது பின்னால்தான் தெரியவரும்.

அமெரிக்கப் பல்கலைக்கழக மருத்துவமனைகளில் ஆய்வாளராகவோ கதிர்மருந்தாளராகவோ ஆய்வு ஒருங்கிணைப்பாளராகவோ சேர்ந்திருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதியது இது. இதில் வரும் விதிகள் எல்லாம் அமெரிக்க விதிகள். புற்றுநோயைக் காட்டும் சிறு மூலக்கூறு, பெப்டைடு (குட்டிப் புரதத் துண்டு) வகை ட்ரேசர்களுக்கு மட்டும் இது பொருந்தும். ஆன்டிபாடி என்றால் கணக்கே வேறு.

தொடங்குமுன் ஒரு வார்த்தை. புதியவர்களின் கண் எப்போதும் மில்லிகியூரி மேலேயே, அதாவது கதிரியக்க அளவின் மேலேயே இருக்கும். அனுமதி கொடுப்பவர்கள் மைக்ரோகிராமைத்தான், அதாவது உடலுக்குள் போகும் பொருளின் எடையைத்தான் முதலில் கேட்பார்கள். கீழே வரும் படிகளில் பாதி அந்த மைக்ரோகிராமில் இருந்து பிறப்பவை.

1. கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

"இந்த ட்ரேசர் புற்றுநோயைக் காட்டுமா?" என்பதை வைத்து ஆய்வு எதையும் திட்டமிட முடியாது. யாருக்கு, சிகிச்சையின் எந்தக் கட்டத்தில், எந்த உறுப்பில், கண்டுபிடித்த பின் மருத்துவர் என்ன மாற்றிச் செய்வார் என்ற நான்கும் அந்த வரியில் இருக்க வேண்டும்.

புராஸ்டேட் புற்றுநோயைக் காட்டும் கேலியம்-68 பி.எஸ்.எம்.ஏ-11 என்ற ட்ரேசர் நல்ல எடுத்துக்காட்டு. 2020 டிசம்பர் 1 அன்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அதற்கு ஒப்புதல் தந்தது. விண்ணப்பித்தவை இரண்டு பல்கலைக்கழகங்கள்: லாஸ் ஏஞ்சலிஸிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகங்கள். அவர்கள் கேள்வியை இரண்டாகப் பிரித்திருந்தார்கள். அறுவைக்கு முன் நிணநீர்க் கணுக்களில் பரவல் இருக்கிறதா என்பது ஒன்று. சிகிச்சைக்குப் பின் இரத்தத்தில் பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரக்கும் புரதம்) ஏறும்போது நோய் எங்கே ஒளிந்திருக்கிறது என்பது மற்றொன்று. நோயாளிகள் வேறு, சரிபார்க்கும் முறையும் வேறு. உங்கள் கேள்வியும் இப்படிப் பிளவுபட்டால் முதல் நாளே பிளந்துவிடுங்கள். ஒரே புரோட்டகாலில் (ஆய்வை நடத்தும் விதத்தை எழுதிய ஆவணத்தில்) இரண்டையும் அடைத்தால் இரண்டும் கெடும்.

2. எந்தக் கதவு என்று முடிவு செய்யுங்கள்

மூன்று கதவுகள் உள்ளன. தவறான கதவில் நின்று நாலு மாதம் தட்டுவது இந்தத் துறையில் சாதாரணம்.

முதலாவது ஆர்.டி.ஆர்.சி., அதாவது மருத்துவமனைக்குள்ளேயே எஃப்.டி.ஏ. ஒப்புதலோடு இயங்கும் கதிர்மருந்து ஆய்வுக்குழு. அமெரிக்கக் கூட்டாட்சி விதித்தொகுப்பில் 21 சி.எஃப்.ஆர். 361.1 என்ற விதியின் கீழ் வருவது. வேகமான வழி என்பதால் எல்லோருக்கும் முதலில் இதன்மேல் ஆசை வரும். ஆனால் மனிதருக்கு இதுவரை கொடுக்கப்படாத சேர்மத்துக்கு இந்தக் கதவு திறக்காது. கொடுக்கும் எடையில் மருந்து விளைவு எதுவும் தெரியாது என்று மனிதத் தரவைக் காட்டியாக வேண்டும். அதோடு ஆய்வு அடிப்படை அறிவியலாக இருக்க வேண்டும்: ட்ரேசர் உடலில் எங்கே போகிறது, எப்படி மாறுகிறது என்ற வகை. நோயைக் கண்டறிய உதவுமா என்று சோதிப்பதற்கோ, படத்தை வைத்து சிகிச்சை முடிவு எடுப்பதற்கோ இடமில்லை.

வயது வந்தவருக்கு முழு உடல், இரத்தம் உருவாக்கும் உறுப்புகள், கண் வில்லை, இனப்பெருக்க உறுப்புகள் ஆகியவற்றுக்கு ஒரு முறைக்கு 3 ரெம் (உடல் வாங்கும் கதிர்வீச்சின் அலகு), ஆண்டுக்கு 5 ரெம் என்பது வரம்பு. மற்ற உறுப்புகளுக்கு ஒரு முறைக்கு 5, ஆண்டுக்கு 15. பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் இதில் பத்தில் ஒரு பங்கு. பலரும் வழுக்கும் இடம் ஒன்று உண்டு: ஆய்வுக்காகவே எடுக்கும் சி.டி.யின் கதிர்வீச்சும் இந்தக் கணக்கில் சேரும். ட்ரேசருக்கு மட்டும் கணக்குப் போட்டுக் கொண்டு போனால் குழு திருப்பி அனுப்பிவிடும்.

இரண்டாவது, ஆராய்வு ஐ.என்.டி. (ஐ.என்.டி. என்பது புதிய மருந்தை மனிதரில் சோதிக்க எஃப்.டி.ஏ.விடம் தரும் விண்ணப்பம்). எஃப்.டி.ஏ. 2006 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி நடப்பது. குறைந்த நச்சியல் (நச்சுத்தன்மைச் சோதனை) தரவோடு, மைக்ரோடோஸ் எனும் மிகச் சிறிய அளவில், சிலரை மட்டும் வைத்து நடத்தலாம். நான்கைந்து ட்ரேசர்களில் எது தேறும் என்று பார்க்க ஏற்ற வழி. வேலை முடிந்ததும் இந்த ஐ.என்.டி.யைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, அடுத்த கட்டத்துக்குப் புதிதாக ஒன்று திறக்க வேண்டும். கையில் ஒரே ட்ரேசர்தான் இருக்கிறது, அதையே தொடரப் போகிறீர்கள் என்றால் இந்தச் சுற்று வேண்டாம்.

மூன்றாவது, வழக்கமான ஐ.என்.டி. புற்றுநோயைக் கண்டறிவதே நோக்கம் என்றால் கடைசியில் இங்கேதான் வந்து சேர்வீர்கள். கீழே வருவதெல்லாம் இந்த மூன்றாம் கதவுக்கானது.

3. எடைக் கணக்கைப் போடுங்கள்

ஒரு நோயாளிக்குப் போகும் சேர்மத்தின் மொத்த எடை எவ்வளவு? பதில் மோலார் செயற்திறனில் இருக்கிறது, அதாவது ஒரு மைக்ரோமோலுக்கு எத்தனை கியூரி என்பதில்.

ஃப்ளூரின்-18 என்ற கதிரியக்க அணு சேர்ந்த ட்ரேசர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மூலக்கூறு எடை 500. தயாரிப்பு முடியும்போது மைக்ரோமோலுக்கு 2 கியூரி. நோயாளிக்கு 10 மில்லிகியூரி. 0.01-ஐ 2-ஆல் வகுத்தால் 0.005 மைக்ரோமோல், அதாவது 5 நானோமோல். 500-ஆல் பெருக்கினால் 2.5 மைக்ரோகிராம். ஃப்ளூரின்-18-இன் அரை ஆயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகும் நேரம், 110 நிமிடம். நோயாளி தாமதமாக வந்து 110 நிமிடம் கழித்து ஊசி போட்டால் அதே 10 மில்லிகியூரிக்கு 5 மைக்ரோகிராம் போகும். 220 நிமிடம் ஆனால் 10. கதிரியக்கம் தேய்கிறது, எடை தேய்வதில்லை. அதனால் குப்பியின் காலாவதி நேரத்தை முடிவு செய்வது பல சமயம் கதிரியக்கம் அல்ல, இந்த எடை வரம்புதான். உச்சவரம்பு 10 மைக்ரோகிராம் என்று எழுதிவிட்டு, ஒருநாள் மைக்ரோமோலுக்கு 1 கியூரிதான் வந்தது என்றால், உங்கள் கையில் இருப்பது நாலு மணி நேரம் அல்ல, 110 நிமிடம்.

மைக்ரோடோஸ் என்பதன் மேல்வரம்பு 100 மைக்ரோகிராம். மருந்து விளைவு தரும் அளவில் நூறில் ஒரு பங்குக்கும் கீழே இருக்க வேண்டும் என்பது கூடவே வரும் நிபந்தனை. விதி 100-ஐ அனுமதிக்கிறது என்பதற்காக 100 கேட்காதீர்கள். அதற்குத் தகுந்தபடி எலிக்குக் கொடுக்க வேண்டிய அளவும் ஏறும், சேர்மம் கரையாமல் படிந்துவிடும். ஒரேயடியாக 3 என்று இறுக்கினால் விளைச்சல் மோசமான நாளில் தயாரித்த தொகுதியைக் கொட்ட வேண்டிவரும். வழக்கமாக வரும் எடையைப் போல மூன்று நான்கு மடங்கு வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும். இன்னொரு காரணமும் உண்டு. இலக்குப் புரதம் குறைவாக உள்ள கட்டிகளில் எடை கூடினால் கதிரியக்கமற்ற மூலக்கூறுகளே இடத்தைப் பிடித்துக்கொண்டு படத்தை மங்கச் செய்யும்.

கேலியம்-68 என்ற கதிரியக்க அணுவோடு வேலை செய்பவர்கள் இங்கே கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலான கேலியம் தயாரிப்புகளில் வினைபுரியாத பெப்டைடைப் பிரித்தெடுப்பதில்லை. ஆகவே குப்பியில் இருக்கும் எடையில் ஏறக்குறைய முழுவதும் கேலியம் சேராத பெப்டைடுதான். நச்சியல் சோதனையில் அதுதான் முதலில் போக வேண்டும். கேலியம் சேர்ந்த சேர்மத்தை மட்டும் சோதித்துவிட்டு வந்தால் நோயாளிக்கு அதிகம் போகும் பொருளைச் சோதிக்காமல் விட்டதாகிவிடும்.

4. நச்சியல் ஆய்வை இப்போதே தொடங்குங்கள்

நாட்காட்டியில் அதிக இடம் பிடிப்பது இது. பணத்திலும் பெரும் பங்கு இதற்கே போகும். மருந்து விதிகளை நாடுகளிடையே ஒத்திசைக்கும் ஐ.சி.எச். அமைப்பின் எம்3 (ஆர்2) வழிகாட்டுதலின்படி, மொத்தம் 100 மைக்ரோகிராமுக்கு உட்பட்ட மைக்ரோடோஸுக்கு ஒரே விலங்கினத்தில், பெரும்பாலும் எலியில், ஒற்றை டோஸ் விரிவு ஆய்வு போதும். ஊசி மருந்து என்றால் கிலோவுக்கு மில்லிகிராம் கணக்கில் மனித அளவைப் போல் ஆயிரம் மடங்கு வரை கொடுத்துப் பார்ப்பார்கள். வழக்கமான அமைப்பில் ஒரு குழுவுக்கு 10 ஆண், 10 பெண் எலிகளை 24 மணி நேரத்தில் அறுத்துப் பார்ப்பார்கள். 5 ஆண், 5 பெண் எலிகளை இரண்டு வாரம் கழித்துப் பார்ப்பார்கள். மரபணு நச்சுச் சோதனை இந்தக் கட்டத்தில் கேட்கப்படுவதில்லை. மூலக்கூறு அமைப்பை வைத்த மதிப்பீடு இருந்தால் சேர்த்துவிடுங்கள்.

மேலே சொன்ன 10 மைக்ரோகிராமையே எடுங்கள். 60 கிலோ ஆளுக்குக் கிலோவுக்கு 0.167 மைக்ரோகிராம். ஆயிரம் மடங்கு என்றால் 167. கால் கிலோ எலிக்குச் சுமார் 42 மைக்ரோகிராம். இது எளிதில் கரையும். உச்சவரம்பு 100 மைக்ரோகிராம் என்றிருந்தால் 420. எண்ணெய்த் தன்மை கூடிய மூலக்கூறு அங்கேதான் மக்கர் செய்யும்.

மைக்ரோடோஸ் கதிர்மருந்துகளின் விலங்காய்வுகளுக்கென்றே எஃப்.டி.ஏ. 2018-இல் தனி வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. ஒப்பந்த ஆய்வகத்திடம் விலைப்புள்ளி கேட்குமுன் அதைப் படித்துவிடுங்கள். இல்லாவிட்டால் சாதாரண மாத்திரைக்கான ஆய்வுப் பட்டியலைக் கையில் கொடுத்து, தேவையில்லாத இரண்டாம் விலங்கினத்துக்கும் சேர்த்துப் பணம் கேட்பார்கள்.

இங்கே மூன்று பள்ளங்கள். ஜி.எல்.பி. (நல்ல ஆய்வகச் செயல்பாடு) முறைப்படி நடத்தாத ஆய்வு: பக்கத்துத் துறையின் எலிக்கூடத்தில் மலிவாகச் செய்ததைப் பெரும்பாலும் திரும்பச் செய்ய வேண்டிவரும். இரண்டாவது, எலிக்குக் கொடுத்த பொருள் நோயாளிக்குப் போவதைவிடத் தூய்மையாக இருப்பது. கேட்க நன்றாக இருந்தாலும், நோயாளியின் குப்பியில் உள்ள மாசுகள் எலியில் சோதிக்கப்படவே இல்லை என்ற கேள்வி வரும். மூன்றாவது, கரைப்பான். மனிதருக்கான அதே கலவையில், அதே விகித எத்தனாலோடு கொடுங்கள்.

5. தயாரிப்பையும் தரச்சோதனையையும் பூட்டுங்கள்

பெட் மருந்துத் தயாரிப்புக்கு 21 சி.எஃப்.ஆர். 212 என்ற தனி விதி 2011 டிசம்பர் 12 முதல் நடைமுறையில் உள்ளது. ஆய்வு நிலை மருந்துகளுக்கு அதற்குப் பதிலாக அமெரிக்க மருந்தகநூலின் 823-ஆம் அத்தியாயத்தைப் பின்பற்றலாம் என்று அந்த விதியே இடம் தருகிறது. கடைசியில் சந்தை ஒப்புதல் வரை போகும் எண்ணம் இருந்தால் முதலிலிருந்தே 212-ஐப் பிடித்துக்கொள்ளுங்கள். பின்னால் மாற்றுவது பெரிய தலைவலி.

அடுத்தடுத்து மூன்று தொகுதிகள், ஒரே முறையில், எல்லாச் சோதனையிலும் தேற வேண்டும். நடுவில் ஒன்று தோற்றால் காரணம் கண்டுபிடித்து மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுங்கள். இந்த மூன்றில் ஒன்றையாவது சைக்ளோட்ரானில் (கதிரியக்க அணுக்களை உருவாக்கும் துகள் முடுக்கியில்) நீண்ட நேரம் அடித்து, நீங்கள் நினைக்கும் உச்ச கதிரியக்கத்தில் செய்யுங்கள். காரணம் கதிர்ச்சிதைவு: ட்ரேசரின் சொந்தக் கதிர்வீச்சே அதன் மூலக்கூறுகளை உடைப்பது. குறைந்த அளவில் 99 சதவீதம் காட்டும் கதிர்வேதித் தூய்மை (கதிரியக்கத்தில் சரியான மூலக்கூறில் இருக்கும் பங்கு), செறிவு ஏறியதும் இரண்டு மணி நேரத்தில் 95-க்குக் கீழே சரியும். எத்தனாலோ அஸ்கார்பிக் அமிலமோ சேர்த்தால் நிற்கும். அஸ்கார்பிக் அமிலம் சேர்த்தால் பி.எச். இறங்கும் என்பதை மறக்காமல் 4.5 முதல் 7.5 வரையிலான வரம்புக்குள் நிறுத்துங்கள்.

ஃப்ளூரின்-18 தயாரிப்பில் விடுவிக்குமுன் பார்க்க வேண்டியவை: நிறம், தெளிவு, பி.எச்., அரை ஆயுள் (105 முதல் 115 நிமிடத்துக்குள்), எச்.பி.எல்.சி.யில் (கலவையில் உள்ளவற்றைப் பிரித்துக் காட்டும் கருவியில்) அடையாளமும் தூய்மையும் எடையும், வினைக்கு உதவும் கிரிப்டோஃபிக்ஸ் என்ற பொருளின் எச்சம் (மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது), அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பான் (410 பி.பி.எம்.-க்கு மேல் கூடாது), எண்டோடாக்சின் (பாக்டீரியா நச்சு), வடிகட்டி முழுமை. எண்டோடாக்சின் வரம்பு ஒரு டோஸுக்கு 175 அலகு. 10 மில்லிலிட்டர் முழுவதும் போகலாம் என்று எழுதியிருந்தால் மில்லிலிட்டருக்கு 17.5.

அடிக்கடி தோற்பவை இரண்டு. அசிட்டோநைட்ரைல் கூடுதலாக வருவது, ட்ரேசரைப் பிடித்துவைக்கும் சி18 காட்ரிஜைத் தண்ணீரால் போதிய அளவு அலசாததால். வடிகட்டியின் குமிழிப் புள்ளி (நனைந்த வடிகட்டி வழியே காற்றுக் குமிழி வரத் தொடங்கும் அழுத்தம்) தோற்பது, பெரும்பாலும் வடிகட்டி கிழிந்ததால் அல்ல: எத்தனால் கலந்த கரைசலில் நனைந்த வடிகட்டி, தண்ணீருக்கான அழுத்தம் வரும் முன்பே குமிழி விடும். சோதிக்குமுன் தண்ணீர் விட்டு அலசுங்கள், அல்லது உங்கள் கரைசலுக்கான எண்ணைத் தனியே நிறுவி எழுதிவையுங்கள். இதைச் செய்யாமல் நல்ல தொகுதிகளைக் கொட்டியவர்கள் ஏராளம்.

கேலியம்-68 என்றால் ஜெனரேட்டர் (ஜெர்மானியம்-68 சிதைந்து கேலியம் உருவாகும் கருவி) வார இறுதியில் சும்மா இருந்தால் கேலியம் சிதைந்து வரும் துத்தநாகம் உள்ளே சேர்ந்துகொண்டு திங்கட்கிழமை காலையில் பெப்டைடோடு போட்டி போடும். தயாரிப்புக்குச் சில மணி நேரம் முன்பு ஒருமுறை வடித்துக் கொட்டிவிடுங்கள். தூய்மையை எச்.பி.எல்.சி. மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். கூழ்ம நிலையில் உள்ள கேலியம் பத்தியிலேயே ஒட்டிக்கொண்டு வெளியே வராது, கருவியின் வரைபடம் 99 சதவீதம் என்று பொய் சொல்லும். நோயாளியின் கல்லீரல் பளபளக்கும்போதுதான் விஷயம் தெரியும். மெல்லடுக்குத் தாளில் கூடவே ஓட்டிப் பாருங்கள். ஜெர்மானியம்-68 கசிவு 0.001 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஆனால் கேலியம் முழுவதும் தேய்ந்தபின், அதாவது குறைந்தது 48 மணி நேரம் கழித்துத்தான் அதை அளக்க முடியும். ஆகவே விடுவிப்புச் சோதனையாக எழுதாமல் கால இடைவெளிச் சோதனையாக எழுதுங்கள்.

நுண்ணுயிரற்ற தன்மைக்கான சோதனை 30 மணி நேரத்துக்குள் தொடங்கி 14 நாள் நடக்கும். முடிவு வரும்போது மருந்து எப்போதோ நோயாளிக்குள் போய்விட்டிருக்கும். பெட்டுக்கு இது அனுமதிக்கப்பட்டதே. ஆனால் 12-ஆம் நாள் குழாய் கலங்கினால் யாரை அழைப்பது, நோயாளியிடம் என்ன சொல்வது என்று எழுதிய நடைமுறை இல்லாத ஆய்வகங்களைப் பார்க்கலாம். முன்கூட்டியே எழுதுங்கள்.

6. ஐ.என்.டி. ஆவணக் கட்டைச் சேர்ப்பது

படிவம் 1571 விண்ணப்பத்தின் முகப்புத்தாள். படிவம் 1572 ஆய்வாளரின் உறுதிமொழி. படிவம் 3674 ஆய்வுப் பதிவேட்டுக்கானது. இவற்றோடு ஆய்வுத் திட்டம், புரோட்டகால், வேதியியலும் தயாரிப்பும், நச்சியல், முன் மனித அனுபவம், கதிர்வீச்சு அளவு மதிப்பீடு. சுற்றுச்சூழல் மதிப்பீட்டிலிருந்து விலக்குக் கோரும் ஒரு வரியை மறந்துவிடுவார்கள். அந்த ஒரு வரிக்காகக் கடிதம் வரும். ஒரே இடத்தில் ஆய்வாளரே பொறுப்பேற்று நடத்தும் ஆய்வுக்கு ஆய்வாளர் கையேடு கட்டாயமில்லை, அதற்காக ஒரு மாதம் செலவிடாதீர்கள். குப்பியின் ஒட்டுத்தாளில் 'புதிய மருந்து, ஆய்வுக்கு மட்டும்' என்ற பொருளில் வரும் எச்சரிக்கை வாசகத்தை விதி சொல்லும் சொற்களிலேயே, ஒரு எழுத்தும் மாற்றாமல் போடுங்கள்.

படிப்பவர்கள் எஃப்.டி.ஏ.யின் படமெடுப்பு மற்றும் கதிர்வீச்சு மருத்துவப் பிரிவினர். அவர்களோடு ஐ.என்.டி.க்கு முன்பான கூட்டம் கேட்கலாம். கேட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் அமையும். ஜி.எல்.பி. ஆய்வுக்குப் பணம் கட்டும் முன் இந்தக் கூட்டத்தைக் கேட்பதுதான் கெட்டிக்காரத்தனம்: நச்சியல் திட்டத்தை அவர்கள் முன் வைத்து "இது போதுமா?" என்று நேராகக் கேளுங்கள். "என்ன செய்யலாம்?" என்று பொதுவாகக் கேட்டால் பதிலும் பொதுவாகவே வரும்.

வேலையைப் பாதியாகக் குறைக்கும் வழி, வேறு யாரோ ஏற்கெனவே தாக்கல் செய்ததை மேற்கோள் காட்டுவது. ஜெனரேட்டர் நிறுவனம் தன் மருந்து மூலக்கோப்பை (எஃப்.டி.ஏ.விடம் கொடுத்துவைத்த தயாரிப்பு விவரங்களை) மேற்கோள் காட்ட அனுமதிக் கடிதம் தரும். அதே ட்ரேசருக்கு வேறொரு பல்கலைக்கழகத்தில் ஐ.என்.டி. இருந்தால் அவர்களும் தரலாம். தேசியப் புற்றுநோய் நிறுவனம் ஃப்ளூரோதைமிடின் போன்ற சில ட்ரேசர்களுக்குத் தானே ஐ.என்.டி. வைத்து ஆவணங்களைப் பகிர்ந்திருக்கிறது. உங்கள் ட்ரேசர் அந்தப் பட்டியலில் இல்லாவிட்டாலும், வேதியியல் பகுதியை எந்த அளவு விரிவாக எழுதுவது என்று தெரிந்துகொள்ள அவற்றைவிட நல்ல மாதிரி கிடையாது.

ஐ.என்.டி. தாக்கலுக்குக் கட்டணம் இல்லை. அவர்கள் கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாட்காட்டி நாள். அதற்குள் தடை வராவிட்டால் தொடங்கலாம். இருபதாம் நாளைத் தாண்டியதும் கேள்விகள் மின்னஞ்சலில் வரும், பதிலுக்கு ஓரிரு நாள்தான் கிடைக்கும். அந்த வாரங்களில் வேதியியலாளரை ஊருக்கு அனுப்பாதீர்கள்.

7. உள்ளூர் அனுமதிகள்

மனித ஆய்வு நெறிக்குழு, கதிர்வீச்சுப் பாதுகாப்புக் குழு, புற்றுநோய் மையத்தின் அறிவியல் மதிப்பாய்வுக் குழு. மூன்றுக்கும் ஐ.என்.டி.யோடு சேர்த்தே விண்ணப்பியுங்கள். ஒன்று மற்றொன்றின் கடிதத்தைக் கேட்டு நிற்கும், எது முதலில் வேண்டும் என்று உங்கள் இடத்தில் விசாரித்து ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள்.

ஒப்புதல் படிவத்தில் "இந்த ஸ்கேனால் உங்களுக்கு நேரடிப் பயன் இல்லை" என்பது முதல் பக்கத்திலேயே இருக்கட்டும். கதிர்வீச்சை மில்லிசீவர்ட்டில் மட்டும் சொன்னால் யாருக்கும் புரியாது. அமெரிக்காவில் ஒருவர் இயற்கையிலிருந்து ஆண்டுக்குப் பெறுவது சுமார் 3 மில்லிசீவர்ட். வழக்கமான எஃப்.டி.ஜி. (சர்க்கரை வகை ட்ரேசர்) ஊசி 10 மில்லிகியூரிக்குச் சுமார் 7. இவற்றோடு ஒப்பிட்டுச் சொல்லுங்கள். எதிர்பாராமல் வேறொன்று தெரிந்தால் யார், எத்தனை நாளில் தகவல் சொல்வார் என்பதும் வேண்டும்.

8. ஸ்கேன் நாள்

எல்லாக் கடிகாரங்களையும் முதலில் ஒன்றாக்குங்கள்: டோஸ் அளவி, ஸ்கேனர், கிணற்று எண்ணி (மாதிரிகளின் கதிரியக்கத்தை அளக்கும் கருவி), சுவர். ஐந்து நிமிட வித்தியாசம் ஃப்ளூரின்-18-இல் 3 சதவீதப் பிழை. கேலியம்-68-இல் 5. கார்பன்-11-இல் 15 சதவீதத்துக்கும் மேல். ஆண்டுக்கு இருமுறை கோடை நேரம் மாறும் ஞாயிறுக்கு அடுத்த திங்களன்று இதைக் கூடுதலாகப் பாருங்கள்.

ஊசி போட்டபின் சிரிஞ்சை மறுபடி அளந்து எழுத வேண்டும். எண்ணெய்த் தன்மை கூடிய ட்ரேசர் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும், மீதத்தைக் கழிக்காமல் போட்ட எஸ்.யு.வி. (திசு எவ்வளவு ட்ரேசரை எடுத்துக்கொண்டது என்ற அளவு) எண்கள் எல்லாம் தவறு. ஊசி போட்ட இடத்தையும் படத்துக்குள் கொண்டுவாருங்கள். இரத்தக் குழாய்க்கு வெளியே கசிந்திருந்தால் அந்த நோயாளியின் எண்களைப் பகுப்பாய்வில் என்ன செய்வது என்ற விதி முன்பே எழுதியிருக்க வேண்டும், படம் பார்த்தபின் அல்ல.

குழந்தைப்பேறு வயதுப் பெண்களுக்குக் கர்ப்பச் சோதனை, ஊசிக்கு முன்பும் பின்பும் இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, இ.சி.ஜி., இரத்த மாதிரிகள். எஃப்.டி.ஜி.க்குப் போல் எல்லா ட்ரேசருக்கும் பட்டினி தேவையில்லை. பழக்கத்தில் எல்லோரையும் பட்டினி போடும் வரவேற்பு மேசைக்கு இதைத் தனியே சொல்லிவையுங்கள்.

முதல் சிலருக்கு உறுப்புவாரிக் கதிர்வீச்சைக் கணக்கிட, தலை முதல் தொடை வரை பல முறை, சில மணி நேரத்துக்கு ஸ்கேன் எடுப்பீர்கள். சி.டி.யைக் குறைந்த அளவில் வைத்து எண்ணிக்கையையும் சுருக்குங்கள். நோயாளி எழுந்து போய்த் திரும்பினால் மட்டும் மறுபடி எடுக்கலாம். சிறுநீரைச் சேகரிக்காவிட்டால் சிறுநீர்ப்பைக்கான எண் வெறும் ஊகமாகிவிடும், பல ட்ரேசர்களில் அதிக அளவு வாங்கும் உறுப்பே அதுதான். நோயாளி மேசையில் கிடக்கும் நேரத்தை ஒருமுறை நீங்களே படுத்துப் பாருங்கள். முதுகுத்தண்டில் பரவல் உள்ளவருக்கு 90 நிமிடம் அசையாமல் கிடப்பது நடக்காத காரியம்.

9. படம் சொன்னது உண்மையா என்று எதை வைத்துச் சொல்வீர்கள்?

வேதியியலாளர்கள் கை கழுவிவிடும் பகுதி இது. பெரும்பாலான ஆய்வுகள் இங்கேதான் சரிகின்றன.

திசுப் பரிசோதனைதான் உயர்ந்த சான்று. அது எல்லோருக்கும் கிடைக்காது. பி.எஸ்.எம்.ஏ-11-இன் அறுவைக்கு முன்பான ஆய்வில் 764 பேருக்கு ஸ்கேன் எடுத்தார்கள். புராஸ்டேட் சுரப்பியையும் கணுக்களையும் நீக்கும் அறுவைக்குப் போனவர்கள் 277 பேர்தான், 36 சதவீதம். மீதிப் பேருக்குக் கணுவில் இருந்ததா இல்லையா என்று சொல்லத் திசு இல்லை. அந்த 277 பேரில் உணர்திறன் (பரவல் உள்ளவர்களில் படம் கண்டுபிடித்த பங்கு) 0.40, தனித்திறன் (பரவல் இல்லாதவர்களில் படம் இல்லை என்று சொன்ன பங்கு) 0.95. படத்தில் பரவல் தெரிந்தவர்கள் அறுவைக்குப் போகாமல் வேறு சிகிச்சைக்குப் போவது இயல்பு, அதனால் உணர்திறன் கீழே இழுக்கப்படும். உங்களுக்கு 100 திசு முடிவு தேவை என்றால் 100 பேரைச் சேர்த்துவிட்டு உட்காராதீர்கள், மூன்று மடங்கு கணக்கிடுங்கள்.

ஸ்கேனுக்கும் திசு எடுப்பதற்கும் இடையே எத்தனை நாள் அனுமதி, அதற்குள் ஹார்மோன் சிகிச்சை தொடங்கினால் என்ன என்பதை எழுதுங்கள். அறுவை மருத்துவர் "வலப்பக்கக் கணுக்கள்" என்று ஒரே ஜாடியில் போட்டு அனுப்பினால், படத்தில் பார்த்த கணுவோடு அதை ஒப்பிட வழியே இல்லை. இடவாரியாகத் தனித்தனி ஜாடி, தனித்தனி ஒட்டுத்தாள். நோயியல் துறையோடு இதை முன்பே பேசிவைக்காவிட்டால் நடக்காது.

படம் பார்ப்பவர்கள் நோயாளியின் விவரமும் திசு முடிவும் அறியாதவர்களாக, ஒருவரையொருவர் கலக்காமல் பார்க்க வேண்டும். மூன்று பேர் என்பது வழக்கம். அவர்களுக்கு முன்கூட்டியே பயிற்சிப் படங்கள் கொடுங்கள், பொய்த் தோற்றங்களைக் காட்டி. பி.எஸ்.எம்.ஏ.யில் வயிற்று நரம்பு முடிச்சுகள் கணுவைப் போலவே ஒளிரும். எஃப்.ஏ.பி.ஐ. வகை ட்ரேசர்கள் மூட்டு வாதத்திலும் ஆறிவரும் காயத்திலும் ஒளிரும். எஃப்.டி.ஜி.யில் மெட்ஃபார்மின் சாப்பிடுபவரின் குடல் முழுக்கச் சிவந்து நிற்கும். உங்கள் புதிய ட்ரேசருக்கும் இப்படி ஒன்று இருக்கும். முதல் பத்துப் பேரில் அதைக் கண்டுபிடித்துப் படிக்கும் விதிகளில் சேர்த்து, அதன்பின் விதிகளைப் பூட்டிவிடுங்கள். அந்தப் பத்துப் பேரை இறுதிக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

10. பணமும் நாட்காட்டியும்

பத்து நோயாளி ஆய்வுக்குப் பத்துத் தயாரிப்பு என்று பட்ஜெட் போடாதீர்கள். சரிபார்ப்புத் தொகுதிகள் மூன்று, நிலைத்தன்மை, தோற்றவை, நோயாளி வராத நாட்கள் எல்லாம் சேர்த்துப் குறைந்தது பதினாறு ஆகும். நோயாளி வராத நாளிலும் சைக்ளோட்ரான் நேரம், கேசட் (தயாரிப்புக்கான குழாய்த் தொகுப்பு), பிரிகர்சர் (ட்ரேசருக்கான மூலப்பொருள்), ஆள் கூலி எல்லாம் செலவுதான். முந்தைய நாள் மாலையும் அன்று காலை சைக்ளோட்ரானைத் தொடங்கும் முன்பும் இருமுறை தொலைபேசியில் பேசிவிடுங்கள்.

ஆய்வுக்காக மட்டும் எடுக்கும் ஸ்கேனை நோயாளியின் காப்பீட்டில் ஏற்றக் கூடாது. ஆய்வு நிலை மருந்துக்குப் பணம் வாங்க எஃப்.டி.ஏ.யின் எழுத்துப்பூர்வ அனுமதி தேவை. எது வழக்கச் சிகிச்சை, எது ஆய்வு என்ற வரிவாரிப் பட்டியலை மருத்துவமனையின் கணக்குத் துறையோடு சேர்ந்து முதல் நோயாளிக்கு முன்பே முடியுங்கள். தவறான பில் ஒன்று நோயாளியின் வீட்டுக்குப் போனால் ஒரு மன்னிப்புக் கடிதத்தோடு தீராது.

நாட்காட்டி ஓரளவு இப்படி: நச்சியல் ஆய்வு, அறிக்கை கையில் வரும்வரை ஐந்தாறு மாதம். அதே காலத்தில் மூன்று தொகுதிகளும் உள்ளூர் விண்ணப்பங்களும். ஐ.என்.டி. எழுத ஆறு வாரம், காத்திருக்க 30 நாள். முதல் நோயாளி சேர்ந்து 21 நாளுக்குள் தேசிய ஆய்வுப் பதிவேட்டில் ஆய்வு ஏறியிருக்க வேண்டும். பல இதழ்கள் சேர்க்கை தொடங்கும் முன்பே பதிவு செய்திருந்தால்தான் கட்டுரையை ஏற்கும், ஆகவே முன்பே செய்துவிடுங்கள்.

11. தொடங்கியபின்

எதிர்பாராத, கடுமையான, ட்ரேசரால் வந்திருக்கலாம் என்று கருதத்தக்க விளைவு எதுவானாலும் 15 நாட்காட்டி நாளுக்குள் எஃப்.டி.ஏ.க்கு அறிக்கை. உயிருக்கு ஆபத்தானது என்றால் 7 நாள். சனி ஞாயிறும் எண்ணப்படும். ஆய்வாளரே பொறுப்பாளர் என்ற அமைப்பில் "நிறுவனம் அனுப்பும்" என்று எதிர்பார்க்க யாரும் இல்லை, நீங்கள்தான் அந்த நிறுவனம்.

கேசட் விற்பவர் ஒரு குழாயை மாற்றினாலும், பிரிகர்சர் விற்பவர் உப்பு வடிவத்தை மாற்றினாலும் அது ஐ.என்.டி.யில் திருத்தமாகப் போக வேண்டும். கொள்முதல் துறை உங்களைக் கேட்காமலே மலிவான வடிகட்டிக்கு மாறிவிடும், அதன் பகுதி எண்ணைக் கொள்முதல் ஆணையில் பூட்டச் சொல்லுங்கள். ஆண்டு அறிக்கை, ஐ.என்.டி. நடைமுறைக்கு வந்த தேதியின் ஆண்டு நிறைவிலிருந்து 60 நாளுக்குள். அந்தத் தேதியை ஆய்வகத்தில் ஒருவரின் நாட்காட்டியில் மட்டும் குறிக்காதீர்கள். அவர் வேலை மாறிப் போயிருப்பார். மூன்று பேரின் நாட்காட்டியில் குறியுங்கள்.